‘நாட்டுக்கு ஆடப் போகாதே’ என்று ரக்பி கிளப் சொன்னால்?

பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஃபிஜி நாட்டவர். பிரான்ஸின் இரண்டாம் நிலை ரக்பி லீக்கான ப்ரோ டி 2-வில் ஒரு கிளப்புக்கு, முன்வரிசை ஓரத்தில் நின்று தள்ளும் பிராப் இடத்தில் ஆடுகிறார். ஃபிஜிக்காக இரண்டு டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) ஆடியிருக்கிறார். நவம்பர் ஆட்டங்களுக்கு அழைப்பு வரும் போலிருக்கிறது. கிளப் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, ‘இந்தத் தடவை போகாமல் இரு, இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடலாம்’ என்றாராம். கிளப் இப்படித் தடுக்கலாமா? அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். என்ன செய்யச் சொல்வது?”

தடுக்கக் கூடாது. உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் 9-ஆம் ஒழுங்குமுறை இதற்கென்றே எழுதப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் (விடுவிப்புக் காலம்) தேசிய அணி கூப்பிட்டால் கிளப் அவரை விட்டே ஆக வேண்டும். அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் மூலமோ நடத்தையின் மூலமோ வேறு எந்த வழியிலோ வீரரைத் தடுப்பது, தயங்க வைப்பது, போனால் நஷ்டம் என்று எண்ண வைப்பது எல்லாமே அதில் தடை. போகாமலிருக்க ஆசை காட்டுவதும் இதில் அடங்கும். மேலாளர் சொன்னது அப்படியே அந்த வரிக்குள் வந்து விழுகிறது.

ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? அறைக்குள் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இன்னொன்றும் உண்டு. அந்த விதி யூனியன்களை, அதாவது நாட்டு ரக்பி அமைப்புகளைக் கட்டுவது. வேர்ல்ட் ரக்பி பிரெஞ்சுக் கூட்டமைப்பான எஃப்.எஃப்.ஆரைக் கட்டுகிறது, எஃப்.எஃப்.ஆர் தன் கிளப்பைக் கட்டுகிறது. புகார் போக வேண்டிய பாதையும் அதுதான்: ஃபிஜி யூனியன், எஃப்.எஃப்.ஆர், கடைசியில் வேர்ல்ட் ரக்பி. வீரர் நேராகப் போய்க் கதவைத் தட்டும் ஏற்பாடு இல்லை. விதி அவர் பக்கம்தான், ஆனால் அதை எடுத்து வீச வேண்டியது யூனியன். யூனியன் சும்மா இருந்தால் அவர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

கிளப்புக்கு ஏன் இவ்வளவு பதற்றம்

ப்ரோ டி 2-வில் 16 அணிகள், 30 சுற்று. நவம்பரில் சர்வதேச ஆட்டம் நடக்கிறது என்பதற்காக அது முழுசாக நிற்பதில்லை. ஆட்டத்துக்கான 23 பேரில் ஆறு பேர் முன்வரிசைக்காரர்கள், அதாவது இடது பிராப் இருவர், ஹூக்கர் இருவர், வலது பிராப் இருவர். ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொரு பயிற்சி பெற்ற முன்வரிசைக்காரர்தான் வர வேண்டும், விங் ஆடுகிறவரைத் தள்ளி நிறுத்த முடியாது. ஆள் இல்லையென்றால் ஸ்க்ரம், அதாவது இரு அணியும் தோள் கோர்த்துப் பந்துக்காகத் தள்ளுவது, தள்ளாமலேயே நடக்கும். ஸ்க்ரமில் பெனால்டி எடுத்துப் பிழைக்கும் அணிக்கு அது பாதித் தோல்வி. அதனால் மூன்றாவது வலது பிராப் இல்லாத கிளப்தான் அதிகம் கெஞ்சும், அதிகம் மிரட்டும். அவர் எந்தப் பக்கம் ஆடுகிறார், கிளப்பில் அந்த இடத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பேரத்தில் அவர் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது அதில் தெரியும்.

பணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 செப்டம்பரில் அந்நாட்டு யூனியனான ஆர்.எஃப்.யூ-வும் கிளப்களும் எட்டு வருட உடன்படிக்கை போட்டன. முதல் நான்கு வருடம் ஆண்டுக்கு 3.3 கோடி பவுண்டு கிளப்களுக்குப் போகிறது. பதிலுக்கு 25 வீரர்கள்வரை தேசிய அணியோடும் சேர்த்து ஒப்பந்தம் செய்யலாம். அயர்லாந்தில் முன்னணி வீரர்களுக்கு யூனியனே முதலாளி, சண்டைக்கே இடமில்லை. பிரான்ஸில், தேசிய அணிப் பட்டியலில் இருக்கும் பிரெஞ்சு வீரர்களுக்காக முதல் நிலை லீக்கான டாப் 14-இன் கிளப்களின் சம்பள உச்சவரம்பு தளர்த்தப்படுகிறது. ஃபிஜிக்காரர் போனால் அந்தச் சலுகை இல்லை. கிளப்பின் கணக்கேட்டில் அவர் வெறும் செலவு. மேலாளர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அவரை அப்படிப் பேச வைக்கும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

கிளப்புக்கு ‘இல்லை’ சொல்ல ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: ஆட்டம் விடுவிப்புக் காலத்துக்கு வெளியே விழுந்தால். 2013 நவம்பர் 30 அன்று வேல்ஸ் ஆஸ்திரேலியாவோடு ஆடியது, அந்தத் தேதி காலத்துக்கு வெளியே. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் கிளப் தன்னிடம் ஆடிய வேல்ஸ் வீரர் ஜார்ஜ் நார்த்தை விட்டது. அதற்காக அந்தக் கிளப்புக்கு 60,000 பவுண்டு அபராதம் விதித்தது இங்கிலாந்து கிளப்களின் லீக். விட மறுத்ததற்கு அல்ல, விட்டதற்கு! வெளித் தேதி என்றால் நிலைமை அப்படியே தலைகீழ்.

2021-ல் கோவிட் காரணமாக பிரான்ஸ்–ஸ்காட்லாந்து ஆட்டம் மார்ச் 26-க்குத் தள்ளிப்போனது. அதுவும் வெளித் தேதி. இங்கிலாந்து கிளப்களிலிருந்து ஸ்காட்லாந்து ஐந்து பேரைத்தான் எடுக்கலாம் என்று பேரம் பேசி முடித்தார்கள். ஸ்காட்லாந்து அதை வைத்துக்கொண்டே பாரிஸில் 27–23 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பிரான்ஸிலேயே எஃப்.எஃப்.ஆருக்கும் கிளப்களின் லீக்குக்கும் நடந்த சண்டை நீதிமன்றம் வரை போய், ஒரு வீரரை மூன்று ஆட்டத்துக்கு மேல் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. விளைவு, 2020 டிசம்பர் 6 அன்று ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம் நேஷன்ஸ் கப் இறுதி ஆட்டத்துக்குப் பிரான்ஸ் அனுப்பியது ஏறக்குறைய இரண்டாம் அணியை. அந்த அணி கூடுதல் நேரம் வரை இழுத்து 22–19 என்றுதான் தோற்றது என்பது தனிக் கதை.

2026 முதல் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற சர்வதேசப் போட்டி ஜூலையிலும் நவம்பரிலும் நடக்கிறது. அதில் ஆடும் 12 அணிகளில் ஃபிஜியும் ஒன்று. நவம்பரில் மூன்று வார ஆட்டங்கள், நான்காவது வார இறுதியில் இறுதிச் சுற்று. அழைப்பு இந்தப் போட்டிக்கு என்றால் தேதிப் பிரச்சினை பெரும்பாலும் வராது. அதோடு ஒரு கண்காட்சி ஆட்டம் சேர்க்கப்பட்டிருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ‘நவம்பர் முழுக்க வா’ என்ற ஒற்றை வரி போதாது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

அழைப்பை வாட்ஸ்அப்பில் பயிற்சியாளர் அனுப்பினார் என்றால் அது அழைப்பே அல்ல. யூனியனின் அலுவலகத்திலிருந்து, கிளப்புக்கும் அவருக்கும் ஒரே மின்னஞ்சலில், எஃப்.எஃப்.ஆருக்கு நகலோடு வர வேண்டும். அதில் எந்தெந்த ஆட்டம், எந்தத் தேதியில், எங்கே, எப்போது வந்து சேர வேண்டும், எப்போது திரும்பலாம், இந்த அழைப்பு 9-ஆம் ஒழுங்குமுறையின் கீழ் வருகிறது என்ற வரி, இவை எல்லாம் வேண்டும். சிறிய யூனியன்களின் அலுவலகங்களில் ஆள் குறைவு, கடைசி நேரத்தில்தான் அனுப்புவார்கள். நாட்கள் போதவில்லை என்று கிளப் பிடித்துக்கொள்ள இடம் தராதீர்கள். மூன்று வாரம் இருக்கும்போதே யூனியன் மேலாளரிடம் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். அவசரமாக வந்த கடிதம்தான் கிளப்புக்குக் கிடைக்கும் முதல் சாக்கு.

அடுத்தது அவருடைய மின்னஞ்சல். மேலாளர் வாயால் சொன்னதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம், குற்றம் சாட்டுவது அல்ல. இப்படி நான்கு வரி போதும், பிரெஞ்சில் நீங்கள் மாற்றிக் கொடுங்கள்:

“செவ்வாய்க்கிழமை நாம் பேசியதைப் பற்றி. நவம்பர் அழைப்பை ஏற்காவிட்டால் ஒப்பந்த நீட்டிப்பு பற்றிப் பேசலாம் என்று நீங்கள் சொன்னதாகப் புரிந்துகொண்டேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள். அழைப்பை ஏற்க விரும்புகிறேன். இன்ன தேதியில் கிளம்பி இன்ன தேதியில் பயிற்சிக்குத் திரும்பிவிடுவேன்.”

இதற்குப் பெரும்பாலும் ‘அப்படியெல்லாம் சொல்லவில்லை’ என்றுதான் பதில் வரும். வரட்டும். அந்தப் பதிலே அவருக்குப் பாதுகாப்பு, அதன்பிறகு மேலாளர் அந்தப் பேச்சை எடுக்க யோசிப்பார். பதிலே வராவிட்டாலும் தேதியோடு ஒரு பதிவு இருக்கிறது. தொலைபேசியில் ரகசியமாகப் பதிவு செய்யும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். தனிப்பட்ட பேச்சை ஒப்புதல் இல்லாமல் பதிவது பிரெஞ்சுச் சட்டத்தில் குற்றம்.

காயம் என்று எழுதிக் கொடுக்கும்படி கிளப் மருத்துவர் மூலம் நெருக்கினால் அதில் மட்டும் கையெழுத்து வேண்டாம். ‘முதுகு வலி’ என்று எழுதிவிட்டு அதே வாரம் கிளப்புக்கு 60 நிமிடம் ஆடினால் மாட்டிக்கொள்கிறவர் அவர்தான். அடுத்த தடவை தேசியப் பயிற்சியாளரும் அவரைக் கூப்பிட மாட்டார்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

பிரான்ஸில் தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் குறித்த காலத்துக்கானது, லீக்கான எல்.என்.ஆரின் ஒப்புதல் பெற வேண்டியது. அதைக் காலத்துக்கு முன் முறிக்கக் கிளப்புக்கு வழிகள் மிகக் குறைவு: இருவரும் சம்மதிப்பது, தவிர்க்க முடியாத பேரிடர், உடல்தகுதி இழப்பு, கடும் தவறு. தேசிய அணிக்குப் போவது கடும் தவறு ஆகாது. ஆனால் திரும்பி வரத் தாமதித்தால்? ஃபிஜியின் லியோனே நகாரவாவுக்கு அதுதான் நடந்தது. 2019 உலகக் கோப்பைக்குப் பிறகு தாமதமாகத் திரும்பினார் என்று ராசிங் 92 கிளப் அந்த டிசம்பரில் ஒப்பந்தத்தையே முறித்தது. அவரோ சாதாரண ஆள் இல்லை, ஐரோப்பாவின் முதல்தர இரண்டாம் வரிசைக்காரர். ஆகவே திரும்பும் தேதியில் விளையாட்டு வேண்டாம். கடைசி ஆட்டம் முடிந்து குடும்பத்தைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன்பே எத்தனை நாள் என்று கிளப்பிடம் எழுத்தில் வாங்கட்டும். விமானச்சீட்டின் நகலையும் கிளப்புக்கு அனுப்பட்டும்.

இன்னொரு கண்ணி ஊக்கத்தொகையில் ஒளிந்திருக்கும். உதாரணமாக, ‘பருவத்தில் 24 ஆட்டம் ஆடினால் இவ்வளவு’ என்று எழுதியிருந்தால் கணக்குப் போடுங்கள். 30 சுற்றில் நவம்பருக்கு நான்கு போய்விட்டால் மிச்சம் 26. ஒரு சின்னத் தசைப்பிடிப்பில் மூன்று வாரம் உட்கார்ந்தால் 23, பணம் போச்சு. யாரும் அவரைத் தடுக்கவில்லை, தாள்தான் தடுக்கிறது. 9-ஆம் ஒழுங்குமுறையின் பார்வையில் இதுவும் தயங்க வைப்பதுதான் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வழக்காடுவதைவிட, ‘தேசிய அணிக்காக விட்ட ஆட்டங்கள் ஆடியதாகவே எண்ணப்படும்’ என்று ஒரு வரி சேர்ப்பது சுலபம். போன நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே தனித்தாளில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

காப்பீடு பற்றி யூனியனிடம் மூன்று கேள்வி: ஃபிஜி ஜெர்சியில் முட்டி உடைந்தால் சிகிச்சைக்கு யார் தருவது, கிளப் சம்பளத்துக்கு யார் ஈடு தருவது, எத்தனை மாதம் வரை. பதில் எழுத்தில் வராமல் கிளம்ப வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் கிளப்பின் பயம் நியாயமானது. பதிலை அவர்களுக்கும் காட்டினால் பாதிக் கோபம் அடங்கும்.

நீட்டிப்பு கிடைக்காமல் போனால்?

இதை மறைத்துப் பயனில்லை. காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கிளப்பை எந்த விதியும் கட்டாயப்படுத்தாது. ‘அவன் ஸ்க்ரம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், யூனியன் மேலாளருடையதோ உங்களுடையதோ அல்ல. முகவர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள். அவருடைய கமிஷன் கையெழுத்தில்தான் வருகிறது, டெஸ்ட் ஆட்டத்தில் அல்ல. சுயமான ஆலோசனைக்குப் பிரான்ஸில் வீரர் சங்கமான ப்ரோவால் இருக்கிறது, மேலாளருக்கு மின்னஞ்சல் போகும் முன்பே அங்கே பேசட்டும்.

‘போகாமலிருந்தால் ஐந்து வருடத்தில் பிரான்ஸுக்கே ஆடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 60 மாதம் வசித்தால் தகுதி என்பது வேறு நாட்டுக்கு ஆடாதவர்களுக்கு. அவர் ஃபிஜிக்காக டெஸ்ட் ஆடிவிட்டார். 2022 முதல் ஒரே ஒரு தடவை நாடு மாறலாம், அதற்கும் 36 மாதம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருக்க வேண்டும், அதோடு அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மேலாளர் காட்டும் அந்த இரண்டு வருட ஒப்பந்தம் எந்தத் தேதிகளை உள்ளடக்குகிறது என்று பாருங்கள். 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. உலகக் கோப்பைக்கு முதல் ஆட்டத்திலிருந்து 35 நாள் முன்பே விடுவிக்க வேண்டும், அதாவது ஆகஸ்ட் 27. காலிறுதி வரை ஃபிஜி போனால் நவம்பர் தொடக்கத்தில்தான் திரும்புவார். ப்ரோ டி 2-வின் தொடக்க இரண்டு மாதம் அப்படியே போய்விடும். கிளப்புக்கு இது தெரியாமலில்லை. பிரான்ஸில் அந்த இடைவெளிக்கு மட்டும் ‘உலகக் கோப்பை ஜோக்கர்’ என்று தற்காலிக வீரரை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பேசும் மேசையில் அந்தச் சொல்லை அவரே முதலில் எடுக்கட்டும். ஆகஸ்ட் 27 என்ற தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லட்டும்.