ராஸ்பெரி பை பின்களை ஸ்கிராட்ச், நோட்-ரெட் வைத்து இயக்கலாமா, இல்லை பைத்தான் படித்துவிட்டுத்தான் தொட வேண்டுமா?

தாராளமாக இயக்கலாம். ராஸ்பெரி பை கையளவு கம்ப்யூட்டர் போர்டு, அதன் பின்கள் வழியாக விளக்கு, ரிலே என்று வெளிச் சாமான்களை இயக்கலாம். ஸ்கிராட்சும் நோட்-ரெட்டும் பெட்டிகளை இழுத்துப் போட்டுப் புரோகிராம் செய்பவை, பைத்தான் வரி வரியாக எழுதுகிற மொழி. போர்டு வாங்கி டப்பாவிலேயே கிடக்கிறது, யாரோ ஒரு நண்பர் “இழுத்துப் போடுகிற விளையாட்டெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, முதலில் பைத்தான் படி” என்று சொல்லிவிட்டார், நீங்களும் தயங்கி நிற்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அந்த நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஐடிஐ படித்த எலெக்ட்ரீஷியன். கோவைப் பக்கம் மில்களுக்குப் பேனல் வயரிங் செய்கிறேன். நான் திறக்கிற பிஎல்சிகளில் (மெஷின்களை ஓட்டும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்கள்) பெரும்பாலும் ஓடுவது லேடர் லாஜிக். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பேனல்களுக்கு மாற்று தேடியதில் பிறந்தது மோடிகான் பிஎல்சி. ரிலே வரைபடம் பார்த்துப் பழகிய எலெக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டும் என்றே அதன் புரோகிராமையும் ஏணி மாதிரிப் படமாக வைத்தார்கள். பிஎல்சி மொழிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61131-3இல் லேடரும், பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்கும் ஃபங்ஷன் பிளாக்கும் முறையான மொழிகள். படம் போட்டால் அது புரோகிராமிங் இல்லை என்பவர் ஏதாவது ஒரு மில்லுக்குப் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

என் சித்தப்பா வீட்டில் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நோட்-ரெட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொட்டியில் தண்ணீர் மட்டத்தோடு மிதந்து மாறும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், கீழே ராஸ்பெரி பை, அதிலிருந்து ரிலே போர்டு, ரிலே இயக்குவது மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலை. (பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு: மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ஸ்டார்ட்டரில் அப்படியே இருக்கிறது. 230 வோல்ட் பக்கம் தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.) பிரவுசரில் பையின் முகவரியோடு 1880 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்து நோட்-ரெட்டைத் திறந்தால் நாலு பெட்டி, மூன்று கோடு. சித்தப்பாவே பார்த்து, “இது தொட்டி, இது மோட்டார்” என்று காட்டுவார்.

பொங்கலுக்கு வந்த அக்கா மகன், ஐடியில் வேலை, அதைப் பார்த்துச் சிரித்தான். “மாமா, இது டிராயிங். புரோகிராமிங் இல்ல.” சரி மாப்ள, நீயே பைத்தானில் எழுது என்று விட்டுவிட்டேன். நன்றாகத்தான் எழுதினான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஓடவிட்டதும் கான்டாக்டர் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. மெயினை அணைத்துவிட்டு, சாயந்திரம் முழுக்கப் புரோகிராமில் வரி வரியாகத் தேடினான். அதில் லாஜிக் பிழை எதுவும் இல்லை. பைத்தானிலிருந்து ஜிபிஐஓவை (புரோகிராமால் இயக்கும் பின்கள்) இயக்க உதவும் ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரியில் இன்புட் பின்னை அமைக்கும்போது புல்-அப் (பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கொடுக்காமல் விட்டிருந்தான். ஸ்விட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின் 3.3 வோல்ட்டிலும் இல்லை, கிரவுண்டிலும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. மொட்டை மாடியிலிருந்து மோட்டார் கேபிளை ஒட்டி வரும் நீள ஒயர் வேறு, பக்கத்தில் ஓடும் கரன்ட்டையெல்லாம் சிக்னலாகப் பிடித்துக்கொள்கிறது.

நோட்-ரெட்டின் ஜிபிஐஓ பெட்டியைத் திறந்தால் புல்-அப்பா, கிரவுண்ட் பக்கம் இழுக்கும் புல்-டவுனா என்று ஒரு கட்டம் கண் முன்னே இருக்கும். பக்கத்திலேயே டிபவுன்ஸ் (ஸ்விட்சின் சின்ன அதிர்வுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரம்) எத்தனை மில்லி விநாடி என்று இன்னொன்று. அதற்காக அது பைத்தானைவிட உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அங்கேயும் இதே டக் டக்தான். பின்னுக்கு வருவது 1 அல்லது 0. அதை அனுப்பியது நோட்-ரெட் பெட்டியா, பைத்தானா என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் புல்-அப் சுமார் 50 கிலோ ஓம், நீள ஒயருக்குப் போதாது. வெளியே 3.3 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்ட பிறகு அவனுடைய பைத்தானும் ஒழுங்காக ஓடியது.

அவுட்புட் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கிற ரிலே போர்டுகளில் நிறைய, 0 கொடுத்தால் ஆன் ஆகிற வகை. கரன்ட் போய் வந்து பை மறுபடி எழும்போது மோட்டார் தானாக ஓடக் கூடாது என்றால், நோட்-ரெட் அவுட் பெட்டியில் தொடக்க நிலையை 1 என்று குறித்து வையுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். என் மகள் பள்ளியில் ரோபாட்டிக்ஸ் வகுப்பு என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். ஒரு தனியார் நிறுவனத்து டிரெய்னர் ஸ்கிராட்சில் ‘எல்இடி 17 ஆன்’ என்ற பிளாக்கைப் போட்டு, ஒயரை வரிசையில் 17ஆவது பின்னில் செருகினார். எல்இடி எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆஃப் பிளாக் போட்டாலும் எரிந்துகொண்டே இருந்தது. “சாஃப்ட்வேர்ல பக்” என்றாராம். ஸ்கிராட்ச் சொல்கிற 17, ஜிபிஐஓ 17. அது இருப்பது வரிசையில் 11ஆவது பின். வரிசையின் 17ஆவது பின் எப்போதும் 3.3 வோல்ட் கொடுப்பது, புரோகிராமே இல்லாவிட்டாலும் எரியும். இதைக்கூடத் தெரியாதவருக்குச் சம்பளம், எங்களிடம் ஃபீஸ். கேட்டால் சான்றிதழ் தருகிறோமே என்கிறார்கள்.

பைத்தான் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேமரா, கணக்கு, ஃபைல் என்று போனால் நோட்-ரெட்டில் கோடுகள் சிக்கி நூலாம்படை ஆகிவிடும், அங்கே பத்து வரி பைத்தான் சுத்தம். அது தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம். நீங்கள் இப்போதைக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எந்தப் பின்னிலும் 5 வோல்ட் உள்ளே விடாதீர்கள், பையின் ஜிபிஐஓ அதைத் தாங்காது. ஸ்கிராட்ச் என்றால் பையில் நிறுவிக்கொள்ளும் ஸ்கிராட்ச் 3தான் வேண்டும், இணையத்தில் திறப்பதற்குப் பின்கள் தெரியாது. போர்டு பை 5 என்றால் பழைய வீடியோக்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் பின்களை ஆர்பி1 என்ற தனி சிப் பார்த்துக்கொள்கிறது, அக்கா மகன் பயன்படுத்திய அந்தப் பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி அங்கே ஓடாது.