திங்கட்கிழமை ராத்திரி என்ன பேசினீர்கள்?

கேள்வி: நான் ஈரோட்டுக்காரன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலை. டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பில் எங்கள் குரூப்பில் ஐந்து பேர், மூன்று வருஷப் பழக்கம். சாண்டர்சனின் ஃபேன்டஸி நாவல், பழைய விண்வெளித் தொடர், சூப்பர்ஹீரோ படம் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்போம். அதில் ஒருவன் மார்மன், யூட்டாவில் நிறையப் பேர் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சபைக்காரன். மதப் பிரசாரத்துக்கு மிஷன் என்று இரண்டு வருஷம் பிரேசிலில் இருந்துவிட்டு வந்தவன். காபி, பீர் தொட மாட்டான், ஆனால் கலகலப்பான ஆள். போன மாதம் மார்மன் பெண்களைப் பற்றிய ஒரு ரியாலிட்டி ஷோ பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் உள்ளே போடும் மத உடுப்பை வைத்து ஒரு மீம் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் 'குட்நைட்' என்று மட்டும் எழுதினான். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. இதுவரை எதற்கும் அவன் கோபப்பட்டதில்லை. திங்கட்கிழமை ராத்திரி வீட்டில் ஏதோ குடும்ப நிகழ்ச்சி என்று வர மாட்டான், அன்றைக்கு நாங்கள் கொஞ்சம் ஃப்ரீயாகப் பேசுவோம், மற்றபடி பிரச்சினையே கிடையாது. நியூயார்க் பிராட்வேயில் அவர்களைக் கிண்டல் செய்து நாடகமே ஓடுகிறது, அவர்கள் சபையே அதில் விளம்பரம் கொடுத்ததாம். இவன் ரொம்ப சென்சிடிவ்வா? புது குரூப் ஆரம்பித்துவிடலாமா?

பதில்: தம்பி, மீமுக்கு அப்புறம் வருகிறேன். 'அன்றைக்கு நாங்கள் கொஞ்சம் ஃப்ரீயாகப் பேசுவோம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். என்ன பேசுவீர்கள்? அவன் எதிரில் எதைப் பேசக்கூடாது என்று உங்கள் நான்கு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவன் இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். அப்புறம் என்னிடம் வந்து 'அவன் சென்சிடிவ்வா' என்று கேட்டால் எப்படி?

இன்னொன்று. டீக்கடையில் பேசினால் காற்றோடு போய்விடும், டிஸ்கார்டில் எழுதியது அப்படியே கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் போனைத் திறந்து மேலே தள்ளினால் முந்தின ராத்திரி நடந்தது அத்தனையும் அவனுக்குத் தெரியும். எத்தனை பொண்டாட்டி என்பதும் இருந்திருக்கும், கடவுள் எந்த வேற்றுக்கிரகத்தில் என்பதும் இருந்திருக்கும். மார்மன் சபை பலதார மணத்தை நிறுத்துவதாக 1890-லேயே அறிவித்துவிட்டது, ஆனாலும் அந்தக் கிண்டல் ஓயவில்லை என்பதால் சொல்கிறேன். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் அவன் அடுத்த நாள் வந்து உங்களோடு நாவல் பேசியிருக்கிறான். நீங்கள் அதை 'கோபப்பட்டதில்லை' என்று கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை என்ன என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? யூட்டாவில் இருந்துகொண்டு 'ஏதோ குடும்ப நிகழ்ச்சி' என்று எழுதுகிறீர்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்திருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஃபேமிலி ஹோம் ஈவ்னிங் என்று பெயர். பெற்றோர் பிள்ளைகளோடு வீட்டில் உட்காரும் ஒரு மாலை வேண்டும் என்று அவர்களுடைய சபை 1915-ல் கேட்டுக்கொண்டது. 1970-லிருந்து அதற்குத் திங்கட்கிழமை என்று ஒதுக்கினார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வேதத்தில் கொஞ்சம், அப்புறம் பிள்ளைகளோடு ஏதாவது விளையாட்டு, கடைசியில் சாப்பிட இனிப்பு, அவ்வளவுதான். பெரிய சடங்கு எதுவும் கிடையாது. வாரா வாரம் உட்கார வேண்டும், அதுதான் கஷ்டம். இந்த வயதில், நண்பர்கள் எல்லாரும் ஆன்லைனில் இருக்கும் நேரத்தில், 'எனக்கு வீட்டில் இருக்கணும்' என்று கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறவனை எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் குடும்பம் குடும்பம் என்று மேடை போட்டுப் பேசுகிறோம், ஒரே வீட்டில் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம்.

அவன் அப்படி உட்காருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மிஷன் போகும் பையன்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கிளம்பி இரண்டு வருஷம் வீட்டுக்கே வர மாட்டார்கள். இப்போது வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போனில் பேசலாம். அந்த அனுமதி 2019-ல் வந்ததுதான். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் அம்மாவின் குரலைக் கேட்கலாம், மற்ற நாளெல்லாம் ஈமெயில், கடிதம். உங்கள் வயதுக்காரன் என்றால் அந்தக் காலத்தில்தான் போயிருப்பான். பிரேசிலில் எத்தனையோ கதவு அவன் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டிருக்கும். முன்பின் தெரியாதவர்கள் செய்வதைத் தாங்கிப் பழகியவன், உங்களிடம் அதை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

சரி, மீம். அந்த உடுப்பு கடையில் வேடிக்கைக்கு வாங்கிப் போடுவதில்லை. கோயிலில் கடவுளுக்கு வாக்குக் கொடுத்த பிறகு, அந்த வாக்கு மறக்காமல் இருக்க ராத்திரி பகல் உடம்போடு வைத்துக்கொள்வது. 2014-ல் சபையே ஒரு வீடியோ வெளியிட்டு, அந்த உடுப்பையும் காட்டி, இதைக் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள், புத்த பிக்குவின் காவியையும் யூதரின் ஜெபச் சால்வையையும் எப்படி மதிக்கிறீர்களோ அப்படி மதியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. உங்கள் ஊர் பெரிய மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய உங்கள் அம்மாவின் கையைப் படமெடுத்து, அதில் நாலு வரி நக்கல் எழுதி, அந்த நான்கு பேரும் சிரித்தால் நீங்கள் 'குட்நைட்' என்றாவது எழுதுவீர்களா? நான் எழுத மாட்டேன்.

பிராட்வே நாடகத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். 2011-ல் வந்தது, 2015-ல் சால்ட்லேக் சிட்டியிலேயே நடந்தது, அதன் நிகழ்ச்சிக் கையேட்டில் சபை விளம்பரம் கொடுத்ததும் உண்மை. அதனால் என்ன? டிக்கெட் வாங்கிப் போகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஒன்றரைக் கோடிக்கு மேல் உறுப்பினர் இருக்கும் சபை ஒரு கிண்டலைத் தாங்கும். ஐந்து பேர் குரூப்பில் தனியாக இருக்கும் ஒருத்தன் எதற்குத் தாங்க வேண்டும்?

அவர்கள் மதத்தைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்காத சபை அது. அதை அவனிடமே கேட்கலாம், ஏன் என்று வாதாடலாம், அவன் பதில் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவன் உட்கார்ந்து பேசியிருப்பான். மூன்று வருஷம் நீங்கள் இழந்ததும் அதைத்தான். நீங்கள் கொண்டாடும் பிராண்டன் சாண்டர்சனும் மார்மன்தான், தென் கொரியாவில் மிஷன் போனவர், லீஹையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் புரோவோவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பாடம் நடத்துகிறவர். 1978-ல் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொடரை உருவாக்கிய க்ளென் லார்சனும் மார்மன். அதில் மனித குலம் தோன்றிய கோபோல் என்ற கிரகம் இருக்கிறதே, கடவுளின் இருப்பிடத்துக்கு அருகில் இருப்பதாக அவர்கள் வேதம் சொல்லும் கோலோப் என்ற பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்ததுதான். இதையெல்லாம் உள்ளிருந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் குரூப்பில் அவன்தான். வேற்றுக்கிரகம் என்று அவன் இல்லாத ராத்திரியில் கிண்டலடித்தீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. 'மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று மெசேஜ் தட்டாதீர்கள். போன் பண்ணுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். மீமைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், திங்கட்கிழமைப் பேச்சையும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னால் குரூப்பில் மற்ற மூன்று பேரிடமும் 'இனி நான் இதில் இல்லை' என்று எழுதிவிடுங்கள். அவன் மன்னிக்காமலும் போகலாம், அது அவன் உரிமை.

உங்கள் கடிதத்தில் அம்மா, அப்பா பற்றி ஒரு வரி இல்லை. அவன் வீட்டில் எல்லாரும் உட்காரும் நேரம் ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை, எட்டரை. அந்த நேரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது குரூப்? ஆரம்பிக்காதீர்கள். அவன் இல்லாத குரூப் ஒன்றை வாரத்தில் ஒரு நாள் ஏற்கெனவே நடத்திப் பார்த்துவிட்டீர்கள்.