தரவுத்தளத்துக்கு ஆய்விதழைக் கொடுத்தால் சந்தா போய்விடுமா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து நீலகிரியின் வரலாறு, பழங்குடி வாழ்க்கை, சோலைக்காடுகள் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அரையாண்டு ஆய்விதழ் நடத்துகிறோம். கல்லூரி நூலகங்கள் கட்டும் சந்தாதான் வருமானம். பழைய இதழ்களையும் சேர்த்துத் தங்கள் தரவுத்தளத்தில் போட ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் வந்த தாளில் அப்படியே போடாதீர்கள்.

சந்தா குறையுமோ என்ற பயம் நியாயமானதுதான். எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாக நூலகங்களுக்கு விற்கின்றன. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்கும்போது, கட்டிலேயே கிடைக்கும் இதழுக்குத் தனியாக எதற்குப் பணம் என்றுதான் நூலகர் பார்ப்பார். இதற்குத் தடுப்பு தடைக்காலம்: இதழ் வெளிவந்து இத்தனை மாதம் கழித்தே முழுக் கட்டுரை அங்கே தெரியும் என்ற நிபந்தனை. 12 மாதம் என்பது வழக்கமாகக் காணும் அளவு. அரையாண்டிதழுக்கு அது கடைசி இரண்டு இதழ்களை மட்டுமே காக்கும். நானாக இருந்தால் 24 மாதம் கேட்பேன். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் பல இதழ்களுக்கு 3 முதல் 5 ஆண்டு இடைவெளி உண்டு, அதனால் தயங்காமல் கேளுங்கள். கட்டுரைச் சுருக்கம் மட்டும் உடனே தெரியட்டும். அது இலவச விளம்பரம்.

ராயல்டி பெரும்பாலும் எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்பதைப் பொறுத்து வரும். சிறிய இதழுக்கு அது பெரிய தொகையாக இருக்காது. அதை நம்பி அச்சகத்துக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு உண்மையான லாபம், தோடர் எம்பிராய்டரி பற்றி எங்கோ ஆராய்பவர் உங்கள் கட்டுரையைக் கண்டுபிடித்து மேற்கோள் காட்டுவதுதான். அதற்காக, வேறு யாருக்கும் தர முடியாதபடி உரிமையை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம். நிறுவனம் அப்படிக் கேட்டால், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று உறுதித்தொகை கேளுங்கள்; பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. 'வெளியீட்டாளருக்கு எல்லா உரிமைகளும் உள்ளன' என்று ஒப்பந்தத்தில் நீங்கள் உறுதி கூற வேண்டியிருக்கும். உண்மையிலேயே உள்ளனவா? உங்கள் ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கட்டுரைக்குப் பதிப்புரிமை அவருடையது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'கட்டுரை அனுப்பியுள்ளேன், பிரசுரிக்கவும்' என்ற பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கத் தரவுத்தளத்துக்கு உரிமம் தர முடியாது. படம் எடுத்தவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

இது வெறும் காகிதச் சிக்கல் இல்லை. நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகள் தங்கள் ஊழியரல்லாத சுதந்திர எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்களைக் கேட்காமல் தரவுத்தளங்களுக்குக் கொடுத்தது தவறு என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சொன்னது. பிறகு ஏராளமான பழைய கட்டுரைகள் தரவுத்தளங்களிலிருந்து நீக்கப்பட்டன.

அப்புறம், 'தற்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரும் உரிமைகூட அதற்குள் நுழையலாம். ஆய்விதழ்ப் பதிப்பகமான டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபர்மா 2024இல் மைக்ரோசாஃப்டோடு அப்படி ஒப்பந்தம் செய்ததும், தங்களிடம் சொல்லவேயில்லை என்று ஆசிரியர்கள் பலர் கொதித்தார்கள். குறும்பர் பழங்குடியினரின் மூலிகை அறிவைப் பதிவு செய்த கட்டுரைகள் உங்களிடம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. எழுதியவர் ஒருவர், சொல்லிக்கொடுத்தவர்கள் வேறு. பயிற்சிக்கு அனுமதி இல்லை என்று தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சரி, உடனடி வேலை: எழுதியவர்களுக்கு ஒரு பக்கச் சம்மதப் படிவம் அனுப்புங்கள். மறைந்தவர்களுக்கு வாரிசுகள் கையெழுத்திட வேண்டும். பதில் வராத கட்டுரைகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தருவதாக நிறுவனத்துக்கு எழுதுங்கள். படிவங்கள் திரும்பி வரும்வரை ஒப்பந்தம் மேசையிலேயே இருக்கட்டும்.