கன்னியாகுமரியில் வீல்சேரோடு ரூம் எடுக்கிறீர்களா? இன்ச் கணக்கில் கேளுங்கள்

நாகர்கோவில்காரன் நான். கட்டட சூப்பர்வைசராக இருந்தவன், சன்ஷேடிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு பதினான்கு வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். பழைய தொழில் பழக்கம் போகவில்லை, எந்த ஓட்டலுக்குப் போனாலும் டேப்பை எடுத்து அளந்துவிட்டுத்தான் உட்காருவேன். (உட்கார்ந்தேதான் போவேன், அது வேறு விஷயம்.) கன்னியாகுமரியில் தங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, அம்மாவுக்குப் பக்கவாதம், வீல்சேரில்தான் இருக்கிறார். ஓட்டலுக்குப் போன் செய்தால் "எல்லா வசதியும் உண்டு சார்" என்கிறார்கள். நம்பலாமா? (மதுரை)

நம்பாதீர்கள் தம்பி. அவர்கள் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. லிப்ட் இருந்தாலே "எல்லா வசதியும்" என்பது அவர்கள் கணக்கு. நானும் ஒருமுறை அப்படி நம்பி ராத்திரி பதினொரு மணிக்குப் போய் இறங்கினேன். வாசலில் ரேம்ப் இருந்தது, ஆனால் பெட்டி தள்ளுவதற்காகப் போட்டது, சறுக்குமரம் மாதிரி. இரண்டு பையன்கள் தூக்கிவிட்டார்கள். ரூம் நன்றாக இருந்தது. பாத்ரூம் கதவில் சக்கரம் இரண்டு பக்கமும் முட்டி நின்றது. மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, அதில் மாறி உட்காரச் சொன்னார். ஈர டைல்ஸில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் எப்படி விரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குளிக்காமலேயே படுத்துவிட்டுக் காலையில் வேறு இடம் தேடினேன்.

அதனால் "வசதி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, உள்ளே கிடைக்கிற இடைவெளியில் டேப் பிடித்து ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர் லாட்ஜ்களில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் 24 முதல் 28 இன்ச். சாதாரண மடக்கு வீல்சேரின் மொத்த அகலமே 24, 26 இன்ச் வந்துவிடும், அதற்கு மேல் தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும். குறைந்தது 32 இன்ச் இருந்தால் சமாளிக்கலாம். அரசு வழிகாட்டுதல் சொல்வது 900 மில்லிமீட்டர், அதாவது 35 இன்ச்சுக்குச் சற்று மேல். முதலில் உங்கள் அம்மாவின் வீல்சேரை அளந்து கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் அகலம் வேண்டாம், சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை.

அடுத்து பாத்ரூம் நிலைப்படி. இரண்டு இன்ச் கல்தான் என்பார்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டுகிற அந்தச் சின்னக் கல்தான் முன் சக்கரத்தைப் பிடித்து ஆளைக் குப்புறத் தள்ளும். அதற்கும் டேப் வைத்துப் போட்டோ கேளுங்கள்.

பிடிகம்பி இருக்கிற போட்டோ அனுப்பினார்கள். அது போதுமா? (திருச்சி)

போட்டோவை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். அக்கா, அது துண்டு காயப்போடுகிற கம்பி. அதைப் பிடித்து எழுந்தால் கம்பியும் நீங்களும் சேர்ந்து வருவீர்கள்.

உண்மையான பிடிகம்பி கையில் பிடிக்கும் அளவு உருண்டையாக, ஒன்றேகால் முதல் ஒன்றரை இன்ச் கனத்தில் இருக்கும். டாய்லெட்டுக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கன்னியாகுமரியில் இன்னொரு சிக்கல் உப்புக்காற்று. மூன்று பக்கமும் கடல், எதுவும் இங்கே துருப்பிடிக்காமல் தப்பாது. கம்பி மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்க்ரூ கரைந்திருக்கும். ஸ்க்ரூவிலிருந்து டைல்ஸில் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். கோடு இல்லையென்றாலும், போனவுடன் கூட வந்தவரை முழு பலத்தோடு இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் நீங்கள் பிடியுங்கள்.

டாய்லெட், கட்டில் உயரமெல்லாம் பார்க்க வேண்டுமா? (சென்னை)

கட்டாயம். உங்கள் வீல்சேர் சீட் குஷனோடு 19, 20 இன்ச் இருக்கும். டாய்லெட் சீட் 18, 19 இன்ச் இருந்தால் மாறி உட்கார்வது எளிது. சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட் 16 இன்ச்தான், இறங்கிவிடலாம், திரும்ப ஏறுவது பெரும்பாடு. மேலே மாட்டுகிற உயர்த்தும் சீட் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலில் பிரச்சினை நேர்மாறு. இப்போதைய ஓட்டல்களில் மெத்தைமேல் மெத்தை போட்டு 26 இன்ச் வரை ஏற்றிவிடுகிறார்கள், அதில் ஏறுவது மதில் ஏறுகிற மாதிரி. மேல் மெத்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை.

கடல் பார்த்த ரூமாக வேண்டும் அண்ணாச்சி. கட்டிலில் படுத்தே சூரிய உதயம் பார்க்க ஆசை. எந்த மாடி கேட்கலாம்? (தூத்துக்குடி)

ஆசையில் தப்பில்லை. ஆனால் காசு கொடுப்பதற்கு முன் பால்கனியை விசாரியுங்கள். இங்கே பல பால்கனிகளுக்குக் கைப்பிடிச் சுவர் மூன்றரை அடிக்குச் செங்கல்லாகவே எழுப்பியிருப்பார்கள். வீல்சேரில் உட்கார்ந்தால் நம் கண் நாலடி உயரத்தில்தான் இருக்கும். உட்கார்ந்தால் சுவருக்கு மேல் தூரக் கடல் கொஞ்சம்தான் தெரியும், கட்டிலில் படுத்தால் சுவரும் வானமும்தான். நிற்பவனுக்குக் கடல், நமக்கு சிமென்ட் பூச்சு, வாடகை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. கண்ணாடி அல்லது கம்பி வைத்த பால்கனி கேளுங்கள். தள்ளுகதவு என்றால் அதன் தண்டவாளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள்.

மாடி என்றால் லிப்ட் வாசல் அகலம், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிப்ட் ஓடுமா என்பதும் முக்கியம். சில இடங்களில் ஜெனரேட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். நான் முதல் மாடிக்கு மேல் எடுப்பதில்லை. ஏதாவது ஆனால் இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம், நான்காவது மாடியிலிருந்து முடியாது.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் வீல்சேரில் போக முடியுமா? கண்ணாடிப் பாலம் வந்துவிட்டதே? (கோவை)

பாலம் கரையிலிருந்து போகவில்லை ஐயா. 2024 டிசம்பர் கடைசியில் திறந்த அந்த 77 மீட்டர் பாலம் ஒரு பாறையையும் இன்னொரு பாறையையும்தான் இணைக்கிறது. முதல் பாறைக்குப் படகில்தான் போக வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், நடக்கிறவர்களே கைபிடித்துத்தான் ஏறுகிறார்கள். அங்கே போனாலும் மண்டபத்துக்குப் படிகள், சிலையின் பாதத்துக்குப் போக உள்ளே இன்னும் படிகள். தூக்கிப் போக நல்ல பலமான ஆட்கள் இருந்து, உங்களுக்கும் அதில் சங்கடம் இல்லையென்றால் உங்கள் விருப்பம். நான் போனதில்லை. ஆட்கள் என்னைச் சாக்குமூட்டை மாதிரி தூக்குவது எனக்குப் பிடிக்காது, அது என் குணம்.

கரையிலிருந்து பார்த்தாலே 133 அடிச் சிலை முழுசாகத் தெரியும். முக்கடல் கூடும் இடத்தில் தண்ணீர்வரை இறங்கப் படிகள்தான், மேலேயே நின்று பாருங்கள். அஸ்தமனத்துக்கு மேற்குப் பக்கம் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் அள்ளும். அன்றைக்கு வீல்சேரோடு வராதீர்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சாமிமார் கூட்டமும் அப்படித்தான், தரைத்தள ரூம் ஒன்றுகூடக் கிடைக்காது.

பத்மநாபபுரம் அரண்மனை? (பெங்களூரு)

பழைய மரக்கட்டடம். உள்ளே குறுகலான செங்குத்துப் படிகளும் உயரமான நிலைப்படிகளும்தான். முற்றத்தையும் வெளிப்புறத்தையும் பார்க்கத் தயாரென்றால் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

ரயிலில் வருவதா, விமானத்திலா? (சென்னை)

எனக்கு ரயில். கன்னியாகுமரி கடைசி ஸ்டேஷன், வண்டி அதற்குமேல் போகாது. இரண்டு நிமிடத்தில் இறங்கியாக வேண்டும் என்ற படபடப்பு இல்லை, எல்லோரும் இறங்கிய பிறகு நிதானமாக இறங்கலாம். துணையில்லாமல் போக முடியாதவர் என்று சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை, கூட வருபவருக்கும் அதே. உதவிக்கு 139.

விமானமென்றால் திருவனந்தபுரம், அங்கிருந்து கார். வீல்சேர் உதவி வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டரி வீல்சேர் என்றால் பேட்டரி வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாக்ஸி பிடிக்கும்போது டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வீல்சேர் உங்கள் மடியில்தான்.

நான் தனியாகப் பயணம் போகிற பெண், வீல்சேர். ஓட்டல்காரர்கள் என்னிடம் பேசாமல் டிரைவரிடம் "மேடத்துக்கு என்ன வேணும்" என்று கேட்கிறார்கள். (புதுச்சேரி)

எனக்கும் இது நடக்கிறது சகோதரி, என் பதினான்கு வயது மகனிடம் கேட்கிறார்கள். அவனும் "அப்பாகிட்டயே கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். ஒன்று செய்து பாருங்கள்: போய்ச் சேருவதற்கு முன்பே, உங்களுக்கு எப்படி உதவ வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று நாலு வரி ரிசப்ஷனுக்கு அனுப்பிவிடுங்கள். ஹேண்டில் பிடித்துத் தள்ளுவதற்கு முன் கேட்க வேண்டும், தூக்க வேண்டாம், உதவிக்குப் பெண் ஊழியர் வேண்டும் என்று. எழுத்தில் பார்த்தால் கொஞ்சம் மரியாதை கூடுகிறது. ரூம் கதவு உள்தாழ்ப்பாளின் உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் தாழ்ப்பாள் மேலே இருக்கும், உட்கார்ந்த கைக்கு எட்டாது.

வீல்சேரைப் பார்த்ததும் "ரூம் இல்லை" என்றார்கள். சட்டத்தில் வழி உண்டா? (திருநெல்வேலி)

உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தனியார் ஓட்டலுக்கும் பொருந்தும், பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் அது. 2017-இல் விதிகள் வந்தபோது பழைய கட்டடங்களை மாற்ற ஐந்து ஆண்டு கொடுத்தார்கள், அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். தேதி, நேரம், போனில் ரூம் உண்டு என்று சொன்னதற்கான மெசேஜ் எல்லாம் இணையுங்கள். ராத்திரி ரோட்டில் நிற்கும்போது சட்டம் வந்து ரூம் தராது, அதனால் கையில் இன்னொரு ஓட்டல் எண் இருக்கட்டும். ஆனாலும் புகார் எழுதுங்கள்.

அண்ணாச்சி, நான் கன்னியாகுமரியில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். பழைய கட்டடம், வாசலில் மூன்று படி. பெரிய செலவில்லாமல் ஒரு ரூமாவது மாற்ற முடியுமா?

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு இன்ச் என்றால் மொத்தம் ஒன்றரை அடி ஏற்றம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. ஆகவே உங்களுக்கு 18 அடி ரேம்ப் வேண்டும். "முன்னால் ஆறடிதான் இருக்கிறது" என்று மேஸ்திரி ஆறடியிலேயே போட்டுக் கொடுப்பார். விடாதீர்கள், அதுதான் நான் மேலே சொன்ன சறுக்குமரம். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள், திரும்புகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். மேலே வழவழ கிரானைட் வேண்டாம், சொரசொரப்பான தரை போதும், அதுதான் மலிவும்.

தரைத்தளத்தில் ஒரு ரூமைத் தேர்ந்தெடுங்கள். பாத்ரூம் கதவு நிலையை இடித்து 36 இன்ச் ஆக்குங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும் அல்லது தள்ளுகதவாக இருக்கட்டும். உள்ளே திறக்கிற கதவென்றால், ஒருவர் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்கவே முடியாது. நிலைப்படிக் கல்லை எடுத்துவிட்டு, தண்ணீர் மூலையில் இருக்கிற குழிக்கு ஓடுகிற மாதிரி தரைச் சரிவைச் சரிசெய்யுங்கள். பிடிகம்பியை டைல்ஸில் மட்டும் மாட்டாமல் உள்ளே செங்கல்வரை ஆங்கர் போல்ட் இறக்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் வேண்டாம், 316 ரகம் கேளுங்கள், கடல் காற்றுக்கு அதுதான் நிற்கும். மாட்டியதும் உங்கள் லாட்ஜிலேயே கனமான ஆளைத் தொங்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி மாற்றிய பாத்ரூமில் இடம் தாராளமாக இருக்கும். இரண்டு மாதத்தில் உங்கள் ரூம் பாய் வாளி, மாப்பு, உடைந்த ஃபேன் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் அடுக்குவான். நான் பார்த்த பாதி இடங்களில் இதுதான் கதை. அதைத் தடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கதவில் டேப் பிடித்து ஒரு போட்டோ அனுப்புங்கள். முதல் ஆளாக வந்து தங்குகிறேன், வாடகையில் தள்ளுபடி கேட்க மாட்டேன்.