மட்டு மதிப்பு: இரு கோடுகளுக்கு நடுவே இருப்பது தூரம்

கேள்வி: என் மகள் காட்பாடியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். மட்டு மதிப்பு என்றால் ‘கழித்தல் குறியை எடுத்துவிடு’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். |−7| = 7 என்பது வரை சரியாக வந்தது. |எக்ஸ் + 2| < 3 என்ற கணக்கில் இருவருமே நின்றுவிட்டோம். எப்படிப் புரியவைப்பது?

பதில்: நீங்கள் சொன்ன விதி தெரிந்த எண்ணுக்குத்தான் உதவும். எக்ஸ் (இங்கே ‘க’ என்று எழுதுகிறேன்) உள்ளே வந்தால், எடுப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் குறியே இருக்காது. மகளை அதைத் தூரமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை எண்கோடாக வைத்துக்கொள்வோம். வேலூர் 0. கிழக்கே ஆற்காடு ஏறத்தாழ 25 கி.மீ.; அது +25. மேற்கே ஆம்பூர் ஏறத்தாழ 50 கி.மீ.; அது −50. எந்தத் திசை என்பதைக் குறி சொல்லும். எவ்வளவு தொலைவு என்பதை மட்டு மதிப்பு சொல்லும். ஆற்காட்டுக்கும் ஆம்பூருக்கும் இடையே |25 − (−50)| = 75 கி.மீ. |−50 − 25| என்று திருப்பிப் போட்டாலும் அதே 75 தான்.

ஆகவே |க − 3| என்பது க-வுக்கும் 3-க்கும் உள்ள தூரம். அது 5 என்றால், 3-லிருந்து வலப்பக்கம் 5 நகர்ந்தால் 8, இடப்பக்கம் நகர்ந்தால் −2. இரண்டு விடை வருவதற்குக் காரணம் இதுதான். |க − 3| = −4 என்று கேட்டால் விடையே கிடையாது; தூரம் எதிர்மறையாக இருக்காது.

உங்கள் கணக்கில் தடுக்கி விழவைப்பது அந்தக் கூட்டல் குறி. க + 2 என்பதை க − (−2) என்று எழுதுங்கள். −2-லிருந்து தூரம் என்று ஆகிவிடும். அது 3-ஐவிடக் குறைவு என்பதால், விடை −5 < க < 1.

இந்த வழியின் அழகு |க − 1| + |க − 7| = 6 போன்ற கணக்கில் தெரியும். வகை வகையாகப் பிரித்துப் போட்டால் அரைப் பக்கம் போகும். தூரமாகப் பாருங்கள்: 1-க்கும் 7-க்கும் இடைவெளியே 6. நடுவில் எங்கே நின்றாலும் இரு தூரங்களின் கூட்டுத்தொகை அதே 6. வெளியே போனால் கூடிவிடும். எனவே 1 முதல் 7 வரை, இரு முனைகளும் சேர்ந்து, எல்லா எண்களும் விடை. சமன்பாட்டின் வலப்பக்கம் 6-க்குப் பதில் 4 இருந்தால் எந்த எண்ணும் பொருந்தாது.

க < 0 எனில் |க| = −க என்பது பல பிள்ளைகளைப் பயமுறுத்தும். க = −7 என்று போட்டுக் காட்டுங்கள்: −(−7) = 7. அங்கே −க என்பது நேர்மறை எண்தான்.

‘குறைவு’ என்பது ‘அதிகம்’ என்று மாறினால் ஒரு எச்சரிக்கை. |க + 2| > 3 எனில் க < −5 அல்லது க > 1 என்று இரண்டு துண்டாகவே எழுத வேண்டும். சேர்த்து −5 > க > 1 என்று எழுதினால், அது −5 என்பது 1-ஐவிடப் பெரியது என்று சொல்வதாகிவிடும்.