மூன்றாவது நர்ஸ் வேண்டுமா?

கேள்வி: ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம் ஓர் அறக்கட்டளை கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு மருந்தாளுநர். செவ்வாய், வியாழன் காலையில் வரிசை வாசலைத் தாண்டுகிறது. மற்ற நாள் ஈ ஓட்டுகிறோம். மூன்றாவது நர்ஸ் கேட்டால், "இருக்கிறவங்களே சும்மாதானே இருக்காங்க" என்கிறார் டிரஸ்டி. என்ன கணக்குக் காட்டுவது?
– பெயர் வேண்டாம்

பதில்: கூட்டத்தைச் சொல்லி ஆள் கேட்டால் அவர் காலி பெஞ்சைக் காட்டத்தான் செய்வார், சகோதரி. மணிக்கணக்கோடு போங்கள். உலக சுகாதார நிறுவனம் 1998-ல் கையேடாகவே போட்டு, 2010-ல் திருத்திய முறைதான் இது.

வாரம் ஆறு நாள் என்றால் ஒரு நர்ஸுக்கு வருடத்துக்கு 312 நாள். லீவு, பண்டிகை, பயிற்சி என்று 42 போனால் 270. தினம் 8 மணி நேரம் வீதம் 2,160. அதில் கால்வாசியை ரெஜிஸ்டரும் ஸ்டாக்கும் தின்றுவிடும். நோயாளிக்கு மிஞ்சுவது 1,620 மணி. ஊசி, கட்டு, பிரஷர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 18,000 வேலை, ஒன்றுக்கு 6 நிமிஷம் என்று வைத்தால் 1,800 மணி. வகுத்தால் 1.11. இரண்டு நர்ஸ் தாராளம்! இவை நான் போட்ட எண்கள்; உங்கள் ரெஜிஸ்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 2-ஐத் தாண்டினால் தயங்காமல் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் கரையில் இருப்பார்கள்; அந்த 61 நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எனக்கென்னவோ உங்கள் சிக்கல் ஆள் பற்றாக்குறை இல்லை என்றுதான் படுகிறது. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகின்றன. உங்கள் செவ்வாயும் வியாழனும் அங்கிருந்து வருகிற கூட்டமாக இருக்கலாம். அதே நாளில் சுகர், பிரஷர்காரர்களையும் மாதாந்திர மாத்திரைக்கு வரச் சொல்லியிருந்தால் அவர்களை வெள்ளிக்கு மாற்றுங்கள். அப்புறம், வரிசை எங்கே தேங்குகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். நாற்பது பேர் காத்திருக்க, மருந்தாளுநர் அட்டையைக் கத்தரியால் வெட்டி எண்ணிக்கொண்டிருந்தால், இன்னொரு நர்ஸ் வந்தும் பிரயோஜனமில்லை. முப்பது நாள் மாத்திரையை முந்தின மதியமே கவரில் போட்டுப் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் காலி மதியங்களுக்கும் வேலை கிடைக்கும்.

செவ்வாய், வியாழனில் நர்ஸ்களுக்கு லீவு தராதீர்கள். ஞாயிறு காலையிலும் படகுகள் கரை திரும்புகின்றன. அன்று கிளினிக்கை இரண்டு மணி நேரம் திறந்து, சனி மதியம் சீக்கிரம் மூட முடியுமா என்று நர்ஸ்களிடமே கேட்டுப் பாருங்கள்.