2019 ஹங்கேரி ஃபார்முலா 1 கார்ப் பந்தயம்: டயர் மாற்றும் பிட்டுக்குள் ஹாமில்டன் இரண்டாம் முறை போனது ஏன்?

அஸ்தம்பட்டி நண்பருக்கு வணக்கம். முன்னிலையில் இருந்த ரெட்புல் அணியின் வெர்ஸ்டாப்பனை இரண்டாம் இடத்திலிருந்து விரட்டிய மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன், 48ஆம் சுற்றில் மீண்டும் டயர் மாற்றச் சென்றதால் ஏறக்குறைய 20 விநாடி பின்தங்கினார். இது வீண் துணிச்சல்தானே, கல்லூரிக் கருத்தரங்கில் இதை எப்படி நியாயப்படுத்துவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மூன்றாம் இடத்தைப் பாருங்கள். அங்கு முடித்த வெட்டல், வென்றவருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தார். ஆகவே உள்ளே போய்த் திரும்பினாலும் ஹாமில்டனின் இரண்டாம் இடம் பறிபோகாது. மறுபுறம், பந்தயம் நடந்த ஹங்கரோரிங் தடத்தில் முந்துவது, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதைப் போன்றது. ஒரே நிலையிலுள்ள டயர்களுடன் அது நடக்காது என்பதை அதற்கு முந்தைய சுற்றுகளே காட்டின. ஆக, இழக்க எதுவுமில்லை.

வெர்ஸ்டாப்பன் அடுத்த சுற்றிலேயே ஏன் உள்ளே வரவில்லை என்ற உங்கள் இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. ஹாமில்டன் உள்ளே போகும் முன் இருவருக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்ததால், வெர்ஸ்டாப்பனும் உள்ளே வந்திருந்தால், புதிய மீடியம் டயரில் (ஹார்டைவிட மென்மையான, வேகமான வகை) ஹாமில்டன் ஓட்டும் அந்த ஒரு சுற்றே ஹாமில்டனை முன்னிலைக்குக் கொண்டுவந்திருக்கும். எனவே 25ஆம் சுற்றில் பூட்டிய ஹார்டு டயரோடு தாக்குப்பிடிப்பதைத் தவிர ரெட்புல்லுக்கு வழியில்லை. அவர்களைக் குறைசொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சிய 22 சுற்றுகளில், சுற்றுக்கு ஒரு விநாடி மிச்சப்படுத்தினாலே போதும் என்ற கணக்கு, 67ஆம் சுற்றின் முதல் வளைவில் ஹாமில்டன் வெர்ஸ்டாப்பனை முந்தியபோது பலித்தது.

கரும்பலகையில் சுற்று எண்ணைக் கிடையாகவும் இடைவெளியைச் செங்குத்தாகவும் வரைந்து காட்டுங்கள். பேச்சு பாதியாகக் குறையும்.